புரட்டக் கூடாத மீன்

பதினைந்து நிமிடம் தருகிறோம் என்றார் மேலாளர் கேய்ர்,
வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு அறையில்,
உன் நாட்டைப் பற்றி ஏதாவது.
போன மாதம் செம்ஹார் எரித்ரியக் காப்பி வறுத்தாள்,
புகைமணி அலறித் தீயணைப்பு வண்டி வந்தது.
அதைவிடச் சின்னதாக, என்றார்.

ஐயாயிரம் ஆண்டு. பதினைந்து நிமிடம்.
நான் பிறந்ததோ ஜோஷானில் ஒரு தீவு.
பெருஞ்சுவரை நான் பார்த்ததே இல்லை.
ரிமாண்டஸ் பார்த்திருக்கிறான், படம்கூட வைத்திருக்கிறான்.

சிவப்புக் காகிதம் வெட்ட வராது எனக்கு.
நாலு என்ற எண் எங்கள் வாயில்
சாவு போல ஒலிக்கும் என்று சொல்ல நினைத்தேன்,
விட்டுவிட்டேன்.
என் லாக்கர் எண் நாற்பத்துநாலு,
மாற்றித் தரக் கேட்கிறாள் என்று நினைப்பார்கள்.
ஏழு வருடமாக அதில்தான் என் பூட்ஸ் காய்கிறது.

ஆகவே மீன்.
மீன் தொழிற்சாலையில் மீன் பேச்சு,
கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.
ஆனால் இங்கே முழு மீனை நாங்கள் பார்ப்பதில்லை.
தலை ஒரு பெல்ட்டில் போகும், குடல் ஒரு குழாயில்.
என்னிடம் வரும்போது அது வெள்ளைத் துண்டு,
விளக்கு மேசையில் வைத்துப் புழு தேடுவேன்.

ஒரு காட் மீன், தலையோடு, வாலோடு,
இஞ்சி, வெங்காயத் தாள், சோயா.
ஆவிப் பாத்திரம் கொள்ளாமல் அடுப்புத் தட்டில் வெந்தது.
தலையை ஊட்னி பக்கம் திருப்பி வைத்தேன்,
அங்கே உட்காருபவர்தான் விருந்தாளி.
அவள் நாற்காலியை நகர்த்தப் பார்த்தாள்.

மீன் என்ற சொல்லும் மீதி என்ற சொல்லும்
எங்களுக்கு ஒரே ஒலி, என்றேன்.
அதனால் புத்தாண்டில் கொஞ்சம் மிச்சம் வைப்போம்.
மேல்பக்கம் தீர்ந்ததும் முள்ளைத் தூக்கிவிட்டு
அடிப்பக்கம் தின்போம். புரட்ட மாட்டோம்.
மீன் புரண்டால் படகு புரளும்.

அப்படியானால் நம் இயந்திரம்
நிமிடத்துக்கு நாற்பது கப்பலைக் கவிழ்க்கிறது,
என்றான் ரிமாண்டஸ். எல்லாரும் சிரித்தோம்.
இங்கேயும் உண்டு, என்றார் கேய்ர்,
படகில் சீட்டியடிக்கக் கூடாது,
குதிரை என்று வாயெடுக்கக் கூடாது.
குதிரையா, ஏன்?
அவருக்கும் தெரியவில்லை.

ஊட்னி கேட்டாள்: உங்கள் வீட்டில் கடலுக்குப் போனது யார்?
அப்பா.
மீனைப் புரட்டுவாரா?
ஒருநாளும் இல்லை.
பிறகு?

அதற்கான சொல் எனக்கு நார்வே மொழியில் தெரியவில்லை.
கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து,
மெல்லத் திருப்பினேன்.

கை அப்படியே மல்லாந்து கிடந்தது.
ஊட்னி அதில் ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்தாள்,
அழுகிறேன் என்று நினைத்தாளோ,
விரலில் சோயா என்று நினைத்தாளோ.
என் தம்பி, என்றாள்,
சீட்டியடித்ததே இல்லை.

குளிர்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சிகுர்ட் வந்தான்,
தாமதமாக, பசியோடு, காதில் பாட்டோடு,
முள்கரண்டியை மீனுக்கு அடியில் செருகி ஒரு நெம்பு.
ஐந்து மொழியில் கத்தினோம்.
பையன் இரண்டு கையையும் தூக்கி நின்றான்,
துப்பாக்கி நீட்டியதுபோல.
மீன் பாதி எழுந்து, யோசித்து, பழையபடி படுத்தது.

ஷிஃப்ட் மணி அடித்தது.
படம் காட்ட நான் கொண்டுவந்த மடிக்கணினி
பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தேன்.
மேலே யாரோ ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்,
கோணல் எழுத்தில்: புரட்டாதே.

திங்கள் காலை திறந்து பார்த்தேன்.
முள்ளை முழுசாகத் தூக்கி ஓரமாய் வைத்து
அடிப்பக்கம் தின்றிருந்தார்கள்,
தோல் அசங்காமல்.
ஒரு கன்னத்தை மட்டும் விட்டிருந்தார்கள்.
எனக்கா, கடலுக்கா, கேட்கவில்லை.
பூட்ஸ் மாட்டியபடியே நின்று
குளிரக் குளிரத் தின்றேன்.